கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிறுவயது: எல்லாக் கதையிலும் ஏன் அநாதை?

வைகறை (இழை தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார் என்பதுதான் கதை. எழுத உட்காருவதற்கு முன்னால் மற்றவர்கள் என்னவெல்லாம் கற்பனை செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. யார் சொன்னாலும் அந்தப் பையனுக்கு அப்பா அம்மா கிடையாது.

ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாம் 1902-ல் சாண்டாவின் முழு வாழ்க்கைக் கதையையே ஒரு நாவலாக எழுதினார். அதில் பர்ஸீ என்ற காட்டின் ஓரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன கைக்குழந்தை அவர். காட்டுக்குத் தலைவனான ஆக் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்து ஷீக்ரா என்ற பெண் சிங்கத்திடம் ஒப்படைக்கிறான். அப்புறம் நெசீல் என்ற வனதேவதை எடுத்து வளர்க்கிறாள். 1970-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்த பொம்மைப் படத்தில் நகரத் தலைவனின் வீட்டு வாசலில் விடப்பட்ட குழந்தை. கூடவே 'கிளாஸ்' என்று ஒரு பெயர்ச்சீட்டு மட்டும் இருக்கும். 2007-ல் வந்த ஃபின்லாந்துப் படத்தில் பெற்றோரும் தங்கையும் இறந்துபோக, தனியாக மிஞ்சிய பையன்.

ஏன் இப்படி? உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிறவனுக்கு ஒரு வீடு இருந்ததாக ஏன் யாருக்கும் தோன்றவில்லை? கொடுக்கிற கை முதலில் எங்காவது வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? என் கதையில் அவனுக்கு அம்மா உண்டு, அவள் கடைசிவரை உயிரோடு இருக்கிறாள். இது சரியாக வருமா, இல்லை கதையின் உயிரையே எடுத்துவிடுமா என்று சொல்லுங்கள்.

முந்திரித்தோப்பு

சகோதரி, நல்ல முயற்சி. ஆனால் மரத்தை விட்டுவிட்டு நிழலை அளக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பாம், தொலைக்காட்சி, சினிமா எல்லாம் நேற்றுப் பிறந்தவை. மூல ஆள் புனித நிக்கோலாஸ். இன்றைய துருக்கியின் தென்கரையில், அப்போது லீசியா என்று அழைக்கப்பட்ட நாட்டில், பத்தாரா பட்டணத்தில் 270-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பது மரபு. பிறகு அதே கரையில் உள்ள மீறா நகரத்தின் ஆயர், அதாவது பிஷப். டிசம்பர் 6 அவருடைய திருநாள்.

அவருக்குப் பெற்றோர் இருந்தார்கள், அதுவும் வசதியான, பக்தியுள்ள பெற்றோர். அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி நான் கேட்டு வளர்ந்த கதைகள் இரண்டு. பிறந்த அன்றே குளிப்பாட்டும் தொட்டியில் எழுந்து நின்றார் என்பது ஒன்று. புதனும் வெள்ளியும் ஒரே ஒரு வேளைதான் தாய்ப்பால் குடிப்பார், மற்ற நேரம் நோன்பு என்பது இன்னொன்று. தாய் தந்தை பெயர் எப்பிபானியுஸ், நோன்னா என்று சொல்வார்கள்.

அவர் வளர்ந்த பிறகுதான் பெற்றோர் இறக்கிறார்கள், சொத்து முழுவதும் கைக்கு வருகிறது. அதைத்தான் ஏழைகளுக்குக் கொடுக்கிறார். நொடித்துப்போன ஒருவர் மூன்று மகள்களுக்கும் சீதனம் கொடுக்க வழியில்லாமல் அவர்களைத் தவறான தொழிலுக்கு விற்கும் நிலைக்கு வந்துவிட்டார். இரவோடு இரவாக ஜன்னல் வழியே பொன்முடிப்பைப் போட்டது நிக்கோலாஸ். மூன்றாம் முறை போடும்போது தகப்பன் ஓடிவந்து பிடித்துவிட்டார், யாரிடமும் சொல்லாதே என்று நிக்கோலாஸ் கேட்டுக்கொண்டார். ராத்திரியில் வருவது, முகம் காட்டாமல் போவது எல்லாம் இங்கே இருந்து வந்ததுதான். ஆகவே உங்கள் பையனுக்கு அம்மா இருக்கலாம். மரபிலேயே இடம் இருக்கிறது.

நூலகப்பூனை

முந்திரித்தோப்பு அண்ணன் சொன்னதில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், வைகறைக்கு அது உதவும்.

எப்பிபானியுஸ், நோன்னா இரண்டும் வேறொரு நிக்கோலாஸின் பெற்றோர் பெயர்கள். 6ஆம் நூற்றாண்டில் மீறாவுக்குப் பக்கத்தில் சீயோன் மடத்தின் தலைவராக இருந்து 564-ல் இறந்த நிக்கோலாஸ் அவர். தொட்டியில் எழுந்து நின்ற அற்புதமும் அந்தச் சீயோன் நிக்கோலாஸின் வரலாற்றில் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே வட்டாரம். காலப்போக்கில் இரண்டு பேரும் ஒட்டி ஒருவராகிவிட்டார்கள். அறிஞர்கள் பிரித்துக் காட்டிய பிறகும் பழைய பெயர்கள் பேச்சில் நின்றுவிட்டன.

நம்முடைய மீறா நிக்கோலாஸுக்கு வருவோம். அவருடைய முழு வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் மிகப் பழைய நூல் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக்காயேல் என்ற துறவி கிரேக்கத்தில் எழுதியது. அதாவது அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. அதற்கு முந்தைய பழைய கதை ஒன்று உண்டு, மூன்று படை அதிகாரிகளைத் தவறான மரண தண்டனையிலிருந்து அவர் காப்பாற்றியது. அதில் அவர் வளர்ந்த ஆயர். பிள்ளைப் பருவம் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஆக, கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிறுவயதை முதலில் கற்பனை செய்தவர்கள் துறவிகள். அதனால்தான் குழந்தை நோன்பு இருக்கிறது! ஒரு மடத்துக்குள் உட்கார்ந்து 'நல்ல குழந்தை எப்படி இருக்கும்' என்று யோசித்தால் புதனும் வெள்ளியும் பாலை மறுக்கிற குழந்தைதான் கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் யாக்கோபுஸ் தெ வொராகினே தொகுத்த புனிதர் கதைகளில் தொட்டியும் நோன்பும் சேர்ந்தே வந்து, அந்தத் தொகுப்பு வழியாக ஐரோப்பா முழுவதும் பரவின. அதே ஆளைப் பாம் 1902-ல் எழுதும்போது குழந்தை காட்டில் வளர்கிறது, மிருகங்களோடு பேசுகிறது, முதல் பொம்மையாகத் தன் பூனையையே மரத்தில் செதுக்குகிறது. ஒரு காலம் எதை நல்ல பிள்ளைப்பருவம் என்று நினைத்ததோ அதைத் தூக்கி இந்தப் பையன் தலையில் வைத்திருக்கிறது. வைகறை, நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள், தயங்காமல் செய்யுங்கள்.

வடகரை

இதெல்லாம் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னாலேயே இருந்தது என்று படித்திருக்கிறேன். ஓடின் என்ற வட ஐரோப்பியக் கடவுள் எட்டுக்கால் குதிரையில் வானத்தில் வருவார், பிள்ளைகள் பூட்ஸுக்குள் வைக்கோல் வைப்பார்கள் என்று. எட்டுக் கால்தான் எட்டுக் கலைமான் ஆனதாம். அப்படியென்றால் சாண்டாவின் பூர்வீகம் துருக்கியா, நார்வேயா?

நூலகப்பூனை

வடகரை, குதிரை பழைய நார்ஸ் பாடல்களில் உண்டு, ஸ்லெய்ப்னிர் என்று பெயர். பிள்ளைகள் அதற்கு வைக்கோல் வைத்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் கிடையாது, அது பின்னால் வந்தவர்களின் ஊகம். கலைமான்கள் எங்கிருந்து வந்தன என்பதோ தேதியோடு தெரியும். 1821-ல் நியூயார்க்கில் அச்சான ஒரு சிறுவர் பாடல் புத்தகத்தில் ஒரே ஒரு கலைமான் வண்டி இழுக்கிறது. 1823 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்து டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் பெயரில்லாமல் வெளியான புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டில் அது எட்டாகிறது. பின்னாளில் அந்தப் பாட்டைக் கிளமென்ட் மூர் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார், ஹென்றி லிவிங்ஸ்டன் எழுதியது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஓடினுக்கு இடம் தெரியவில்லை.

கடலோடி

கப்பல் வேலையில் இருந்தபோது ஒரு விடுப்பில் பத்தாராவுக்குப் போயிருக்கிறேன். கெலெமிஷ் என்ற சின்ன ஊரிலிருந்து இறங்கிப் போக வேண்டும். கதைக்கு இடம் தேவைப்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மனதிலிருந்து பனியை எடுத்துவிடுங்கள். அங்கே வெயில், மணல், உப்புக்காற்று. கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் நீளக் கடற்கரை, ஆமைகள் முட்டையிட வரும் இடம். நிக்கோலாஸ் காலத்தில் அது பெரிய துறைமுகம். இப்போது துறைமுகம் மண் மூடிச் சதுப்பாகக் கிடக்கிறது, நடுவில் தவளைச் சத்தம். மூன்று வளைவுள்ள ரோமானிய வாசல் நிற்கிறது, அவர் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் முன்பே கட்டியது. அரங்கத்தின் கல்படிகள் மணலைத் தள்ளி மீட்கப்பட்டிருக்கின்றன. பழைய காலத்தில் அப்பல்லோவின் குறிசொல்லும் கோயிலுக்கும் பெயர்போன ஊர்.

எனக்குப் பிடித்தது தானியக்கிடங்கு. ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டியது, நீளமான கல் கட்டடம், சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மீறாவின் துறையான அந்திரியாக்கேயிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. எகிப்திலிருந்து ரோமுக்குக் கோதுமை போன கடல்வழி இந்தக் கரையை ஒட்டித்தான். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் பவுல் கப்பல் மாறுவது இதே பத்தாராவில். 27ஆம் அதிகாரத்தில் மீறாவில் அவரை ஏற்றுகிற கப்பல் அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகிற கப்பல்.

பிற்காலத்தில் மீறாவில் பஞ்சம் வந்தபோது ஆயர் நிக்கோலாஸ் அலெக்சாந்திரியக் கப்பல்களிலிருந்து கோதுமை கேட்டு வாங்கினார் என்றும், பேரரசரின் களஞ்சியத்தில் போய் அளந்தபோது ஒரு படிகூடக் குறையவில்லை என்றும் ஒரு கதை சொல்வார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் வளர்ந்த பையனைப் பற்றித்தான் இப்படி ஒரு கதை பிறக்கும். மூட்டைகள் கண்ணெதிரே இறங்கி, கண்ணெதிரே மறுபடி ஏறி, எங்கோ தூரத்து ஊருக்குப் போவதைத் தினமும் பார்த்த பையன். 'அதில் கொஞ்சம் இங்கே இறங்கினால் என்ன?' என்று அவன் கேட்டிருக்க மாட்டானா?

வைகறை, உங்கள் அம்மா பாத்திரத்தை அந்தக் கிடங்கு வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

வைகறை

கடலோடி அண்ணா, மிக்க நன்றி. பனி இல்லாத சாண்டா! பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், ஆனால் கப்பல் வந்துவிட்டால் போதும்.

நூலகப்பூனை சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். அதோடு ஒன்றைச் சேர்க்கலாம். வடதுருவம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதிலும் ஒரு பிள்ளைப்பருவம் ஒளிந்திருக்கிறது. தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1863 ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழின் அட்டையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முகாமுக்கு வரும் சாண்டாவை வரைந்தார். 1866-ல் அவர் வரைந்த பெரிய படத்தில்தான் சாண்டாவின் ஊர் வடதுருவத்தில் இருப்பதாகக் குறிப்பு வருகிறது, பட்டறையும் கணக்குப் புத்தகமும் அதிலேயே உண்டு. நாஸ்ட் 1840-ல் ஜெர்மனியின் லாண்டாவ் நகரத்தில் பிறந்து ஆறு வயதில் நியூயார்க்குக்கு வந்தவர். அந்தப் பகுதியில் கம்பளித்தோல் போர்த்திக்கொண்டு வீடு வீடாக வருகிற பெல்ஸ்நிக்கல் என்ற ஆள் உண்டு. நாஸ்ட் வரைந்த சாண்டாவின் ரோமம் அடர்ந்த தோல் உடுப்பு அந்த நினைவிலிருந்து வந்தது என்கிறார்கள். ஊரை விட்டு வந்த ஒரு சிறுவன் பார்த்த கிறிஸ்துமஸ் நமக்குச் சாண்டாவின் உடையாக வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. வரைகிறவர், எழுதுகிறவர் எல்லோரும் தங்கள் வீட்டைத்தான் அவருக்குக் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, ஏன் அம்மாவை மட்டும் கொடுப்பதில்லை?

பனித்துளி

ஃபின்லாந்திலிருந்து எழுதுகிறேன். அநாதைக் கதைக்கு ஆதரவாகக் கொஞ்சம் பேசலாமா?

இந்த ஊரில் சாண்டாவின் பெயர் யோலுபுக்கி. 'புக்கி' என்றால் ஆடு. பழைய நாளில் ஆட்டுக் கொம்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஆட்கள் வருவார்கள். ஜனவரி 13-ல் வருகிற நூத்திபுக்கி, பண்டிகையில் மிச்சம் இருக்கிற சாப்பாட்டையும் பானத்தையும் மிரட்டிக் கேட்கும். கேட்க வந்த ஆடு 19ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்லக் கொடுக்க வருகிற கிழவராக மாறியது. அவருடைய வீடு லாப்லாந்தில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கோர்வாதுந்துரி மலை என்று 1927-ல் வானொலியில் பிள்ளைகள் நிகழ்ச்சி நடத்திய மார்க்குஸ் ராவ்தியோ சொன்னார். காது மாதிரி இருக்கிற மலை, அதனால் உலகத்துப் பிள்ளைகள் பேசுவதெல்லாம் கேட்கும். ஒரு வானொலிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான கற்பனை உண்டா!

வைகறை குறிப்பிட்ட 2007 படத்தை இன்னும் நெருக்கமாகப் பாருங்கள். நிக்கோலாஸ் என்ற அந்தச் சிறுவனை வைத்துக் காப்பாற்ற ஏழைக் கிராமத்தில் எந்த ஒரு குடும்பத்துக்கும் வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு வீடும் ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மரத்தில் ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போகிறான். வருஷங்கள் போகப் போக அவன் பரிசு கொடுக்க வேண்டிய வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன, ஏனென்றால் எல்லா வீடும் அவனுடைய வீடு. தாய் தகப்பன் இருந்திருந்தால் ஒரு வீட்டோடு நின்றிருப்பான். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவன் வாங்காமல் கொடுக்கவில்லை, வைகறை. ஒரு கிராமமே முறைவைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறான்.

அகல்

நான் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பனித்துளி சொன்ன அந்தக் கிராமம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற குழந்தையை நேரில் பார்த்தவர்களுக்கு அது இனிமையான கணக்காகத் தெரியாது. பண்டிகை நாளிலேயே பெட்டியைக் கட்டுவது எவ்வளவு கொடுமை. அந்தப் பரிசுகளை நன்றி என்று படிக்கலாம். 'என்னை மறந்துவிடாதீர்கள்' என்றும் படிக்கலாம். இரண்டாவதுதான் எனக்குக் கேட்கிறது. எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டுதான் போவார்கள். வெறுங்கையோடு போனால் வரவேற்பு இருக்காது என்ற பயம் அதில் இருக்கிறது.

ஆனாலும் வைகறை, அநாதைக் கதையை முற்றிலும் தள்ளிவிடாதீர்கள். 'அப்பா அம்மா இல்லாத ஒருவன்தான் உலகத்துக்கே பரிசு கொடுக்கிறான்' என்று கேட்கும்போது சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்தமான கதை நாயகர்கள் குறைவு. நான் கேட்பது ஒன்றுதான். பெற்றோர் இல்லாததால்தான் அவன் நல்லவனான் என்று எழுதாதீர்கள். இழப்பு யாரையும் நல்லவராக்குவதில்லை. இழப்புக்குப் பிறகு பக்கத்தில் வந்து நின்றவர் யார் என்று எழுதுங்கள். பாம் கதையில் அந்த வனதேவதை நிற்கிறாள், 1970 படத்தில் பொம்மை செய்கிற கிரிங்கிள் குடும்பம் நிற்கிறது. அந்த இடம்தான் கதையின் இதயம்.

பனித்துளி

அகல், 'என்னை மறந்துவிடாதீர்கள்' என்ற அந்த வரியோடு படத்தை இன்னொரு முறை பார்க்கப்போகிறேன்.

பெற்றோர் உள்ள பரிசுக்காரர்களும் இருக்கிறார்கள், ஐஸ்லாந்தில்! அங்கே சாண்டா ஒருவர் இல்லை, பதின்மூன்று பேர், யூல் பையன்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய பதின்மூன்று இரவும் ஒவ்வொருவராக மலையிலிருந்து இறங்கி ஜன்னலில் வைத்திருக்கும் காலணியில் ஏதாவது போடுவார்கள். கெட்ட பிள்ளைக்கு உருளைக்கிழங்கு. அவர்களுடைய அம்மா கிரீலா என்ற அரக்கி, குறும்புக்காரப் பிள்ளைகளைப் பிடித்துச் சமைத்துத் தின்பவள். அப்பா லெப்பாலூதி, சோம்பேறி. பையன்களும் முதலில் திருடர்கள்தான். ஒருவன் கரண்டியை நக்குவான், ஒருவன் கதவை அறைவான், ஒருவன் தொத்திறைச்சியைத் திருடுவான். இவர்களைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று 1746-ல் அரசாணையே வந்தது. இப்போது அவர்களே பரிசு கொடுக்கிறார்கள்.

வடகரை

அப்படியென்றால் அம்மா அரக்கி, இல்லாவிட்டால் அம்மாவே கிடையாது. வைகறை கேட்ட மாதிரி நல்ல அம்மா உள்ள ஒருவர்கூட இல்லையா?

கடலோடி

இருக்கிறார். கிரேக்கர்களைக் கேளுங்கள்.

கிரேக்க மாலுமிகளோடு நிறைய நாள் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிக்கோலாஸ் கடலின் காவலர். கப்பலில் படம் இருக்கும், புயலில் கூப்பிடுவார்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் பொம்மை கொண்டுவருகிறவர் அவர் அல்ல. அது ஆயியோஸ் வசிலிஸ், நாம் புனித பசிலியார் என்கிறோமே அவர். டிசம்பர் 25-ல் வரமாட்டார், ஜனவரி 1-ல் வருவார். அன்று ஒரு கேக் வெட்டுவார்கள், உள்ளே ஒரு காசு வைத்துச் சுட்டிருப்பார்கள், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். கப்பலிலும் வெட்டுவோம்.

நூலகப்பூனை

கடலோடி அண்ணா கதவைத் திறந்துவிட்டார். இந்த இழையிலேயே வைகறைக்கு மிகவும் தேவையான ஆள் இவர்தான்.

பசிலியாரின் பிள்ளைப்பருவத்தை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவரும் அவருடைய தம்பியும் நண்பரும் எழுதியவை இன்றைக்கும் இருக்கின்றன. 330-ஐ ஒட்டிப் பிறந்தவர், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவின் செசரியாவில் பின்னால் ஆயரானார். தகப்பன் பெயரும் பசில், தாய் எம்மெலியா, வீடு நிறையப் பிள்ளைகள். மூத்த அக்கா மக்ரீனா, தம்பிகளில் ஒருவர் நீசாவின் கிரகோரியார், இன்னொருவர் செபாஸ்தேயின் பேதுரு. வீட்டில் பாட்டி ஒருவர், அவர் பெயரும் மக்ரீனாதான். ரோமானியர்கள் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் பாட்டியின் குடும்பம் பொந்துஸ் மலைக்காடுகளில் ஏழு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்ததாக நண்பரான நசியான்சு கிரகோரியார் சொல்கிறார். தான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பாட்டி சொல்லிக்கொடுத்ததைப் பசிலியாரே ஒரு கடிதத்தில் நினைவுகூர்கிறார். தன் அக்காவின் வாழ்க்கையை நீசாவின் கிரகோரியார் தனி நூலாகவே எழுதினார். அண்ணன் படித்துவிட்டுத் தலைக்கனத்தோடு ஊர் திரும்பியபோது அவரை வழிக்குக் கொண்டுவந்தவள் அக்காதான் என்று அதில் இருக்கிறது.

368, 369 வாக்கில் பெரும் பஞ்சம் வந்தது. பசிலியார் பணக்காரர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்தார், தானே நின்று பரிமாறினார். பின்னால் செசரியாவுக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு பெரிய விடுதியே கட்டினார்.

காட்டில் ஏழு ஆண்டுகள் பசியோடு ஒளிந்திருந்த பாட்டி, அவள் மடியில் கதை கேட்ட பேரன், பேரன் வளர்ந்து பஞ்சத்தில் சோறு போடுகிறான். கொடுக்கிறவன் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறான் என்ற உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா?

முந்திரித்தோப்பு

அருமை. இதை எங்கள் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லப்போகிறேன்.

நிக்கோலாஸ் பக்கமும் பிள்ளைகளை மேலே தூக்கிவைத்த ஒரு வழக்கம் இருக்கிறது, அது இங்கே வராமல் போகக் கூடாது. இடைக்கால ஐரோப்பாவில் டிசம்பர் 6 அன்று பாடகர் குழுவிலிருந்து ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்து ஆயராக்குவார்கள். முடியும் செங்கோலும் உண்டு. மாசில்லாக் குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28 வரை அவன்தான் ஆயர், மறையுரைகூட ஆற்றுவான். இங்கிலாந்தில் 1541-ல் எட்டாம் ஹென்றி இதைத் தடை செய்தார். இப்போது ஹெரிஃபோர்ட், சாலிஸ்பரி பேராலயங்களில் மறுபடி நடக்கிறது. பெரியவர்கள் தங்கள் இருக்கையிலிருந்து இறங்கி அதில் ஒரு பையனை உட்காரவைக்கிறார்கள். நிக்கோலாஸின் சிறுவயது எப்படி இருந்தது என்று கேட்டால் நான் இந்தப் பையனைத்தான் காட்டுவேன்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. 'சாண்டா உண்டா இல்லையா என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா' என்று வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கதை மட்டும்.

வைகறை

எல்லோருக்கும் நன்றி. இப்போது கதை எனக்குத் தெளிவாகிவிட்டது, சொல்கிறேன்.

இடம் பத்தாராதான், கிடங்குக்குப் பக்கத்தில். பசிலியாரின் பாட்டியைக் கடன் வாங்கமாட்டேன், அது அவருடைய சொந்தப் பாட்டி. ஆனால் என் நிக்கோலாஸுக்கும் அம்மா உண்டு. அவளுக்கு நோன்னா என்று பெயர் வைக்கமாட்டேன், வெறும் அம்மாதான். அகல் சொன்னதற்குப் பிறகு ஒன்றை மாற்றினேன். மரபு சொல்கிற மாதிரி அவன் வளரும்போது பெற்றோர் இறந்துபோகட்டும். அதை மறைத்தால் அகலின் பிள்ளைகளுக்கு நான் பொய் சொன்ன மாதிரி ஆகும். ஆனால் கதையில் முக்கால்வாசி அம்மா இருக்கிற நாட்கள்தான். கிடங்கு வாசலில் சிந்துகிற கோதுமையைப் பெருக்கி எடுக்க வருகிற பெண்களுக்கு, தெரியாத மாதிரி இன்னும் கொஞ்சம் சிந்தவிடுகிறாள் அவள். கொடுத்தது தெரியாமல் கொடுப்பதை அவன் பார்ப்பது அங்கேதான்.

அந்த மூன்று பெண்களும் எனக்குச் சவாலாக இருக்கிறார்கள். சீதனம், விற்பது என்பதையெல்லாம் ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் இன்னொன்று, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? பொம்மை இல்லாமல் சாண்டா கதை எழுத முடியாதே.

நூலகப்பூனை

உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது.

ரோமானியப் பேரரசில் பிள்ளைகளுக்கு நிறைய விளையாட்டுப் பொருள்கள் இருந்தன, அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சக்கரம் வைத்த மண் குதிரை, கிலுகிலுப்பை, பம்பரம், ஆட்டுக் கணுக்கால் எலும்பை வைத்து ஆடும் கழங்கு, அப்புறம் வால்நட் கொட்டைகளை அடுக்கி உருட்டி அடிக்கும் ஆட்டம். பெண் பிள்ளைகளுக்கு கந்தலிலும் மரத்திலும் எலும்பிலும் பொம்மைகள், சிலவற்றுக்குக் கைகால் மடங்கும். பழைய கிரேக்க, ரோமானிய வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் பெண் தன் பொம்மையைத் தெய்வத்தின் சன்னதியில் வைத்துவிடுவாள், பிள்ளைப்பருவம் முடிந்தது என்பதற்கு.

அந்த மூன்று பெண்களும் நிக்கோலாஸின் அண்டை வீட்டார். கதையிலேயே அப்படித்தான் வருகிறது. கடைசிப் பெண்ணை அவனுடைய விளையாட்டுத் தோழியாக்குங்கள். இரண்டு பேரும் கிடங்குச் சுவர் ஓரத்தில் கொட்டை உருட்டி விளையாடியவர்கள். அவளுடைய வீடு நொடித்துப்போய்ப் பொருள்கள் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன, ஒருநாள் அவள் பொம்மையும் போகிறது. ஆறு வயதுக்கு அவ்வளவு சொன்னால் போதும், அடுத்து விற்கப்படப்போவது என்ன என்று பெரியவர்களுக்குப் புரியும்.

அகல்

இது நன்றாக இருக்கிறது. அவனுக்கும் அப்போதுதான் பெற்றோர் போயிருப்பார்கள். பொன்முடிப்பைப் போடும்போது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கட்டும், வைகறை. தகப்பன் மூன்றாம் முறை கண்டுபிடிக்கிறார். அவள் முதல் முறையே கண்டுபிடித்திருப்பாள், கூட விளையாடியவள் அல்லவா.

வைகறை

ஆமாம், அவளுக்குத் தெரியும். அவள் சொல்கிற மாதிரியே முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன். பொங்கலுக்குள் முதல் வரைவு முடிந்துவிடும், தனி இழையில் போடுகிறேன். கடலோடி அண்ணா, ஒரு விஷயம் மட்டும்: கிடங்கிலிருந்து நடந்தால் கடல் எவ்வளவு தூரம்?

கடலோடி

இன்றைக்கு மணல்மேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். அன்றைக்குத் துறைமுகத் தண்ணீர் கிடங்கு வாசலுக்கு முன்னாலேயே நின்றது. ஒரு பையன் கல்லெறிந்தால் தண்ணீரில் விழும்.